இரண்டு சிம், பார்ப்பவர் ஒருவர்

மயானத்தில் மகேஷின் ரவுட்டருக்குள் இரண்டு சிம்களும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன. ஒன்று போனால் மற்றது தாங்கவேண்டும் என்பதுதான் ஏற்பாடு. இவையோ மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தன.

பாடையில் சேஷன் மாமா மட்டும் பொறுமையாகப் படுத்திருந்தார்.

மகேஷுக்கு டெக்னோபார்க் ஐடி கம்பெனியில் நெட் அறாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. வலியசாலை அக்ரஹாரத்தில் மாமாவுக்கு எதிர்வீடு வேறு. காலையில் லலிதாம்பாள் மாமி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கனடாவிலேர்ந்து அனந்துவால வரமுடியலை. அப்பா முகத்தைக் கடைசிவரைக்கும் மொபைல்ல பார்க்கட்டும். நடுவில கட்டாகப்படாதுடா. லிங்கை எனக்கு அனுப்பு, நான் அவனுக்கு அனுப்பிக்கறேன்."

"மயானத்தில வீடியோவா? சிவ சிவா!" என்று குதித்த வாத்தியார், பெற்ற பிள்ளைக்காக என்றதும் அடங்கினார். பெண்கள் வாசலோடு நின்றுகொண்டார்கள்.

"இப்ப சரியாயிடும், வாத்தியார் மாமா," என்று மகேஷ், சிம்கள் தொட்டதற்கெல்லாம் மாறாதபடி, மாறும் நேரத்தை ஒரு நிமிஷமாக நீட்டினான். முதல் சிம் போயிற்று. இரண்டாவது சாவகாசமாக வருவதற்குள் வாய்க்கரிசி முடிந்துவிட்டது.

"இன்னொரு தடவை போடுங்கோ, அனந்து பார்க்கலை."

"வாய்க்கரிசி என்ன ரீடேக்காடா?" என்றார் வாத்தியார்.

முதல் சிம்மே சனியன் என்று கழற்றினான். அது நழுவிச் சாம்பலில் விழுந்தது. தேடி, ஊதி, மாட்டினால் ரவுட்டரே அணைந்துவிட்டது.

"சாரே, அடுத்த பாடி கேட்டுல வந்தாச்சு," என்றார் மயான ஊழியர் பத்மகுமார். "இவரை எப்ப எடுக்கும்?"

மகேஷுக்கு அழுகையே வந்துவிட்டது. மாமிக்குக் கொடுத்த வாக்கு!

நல்லவேளை, ரவுட்டர் விழித்தது. மொபைலில் 'பார்ப்பவர்: 1'. எத்தனை தடவை அறுந்தாலும் அந்த ஒன்று உடனே திரும்பிவந்தது. கனடாவில் அர்த்தராத்திரி! பிள்ளை என்றால் இவனல்லவா பிள்ளை!

மீண்டும் முதல் சிம் போயிற்று. படம் உறைந்துவிட்டதா? மாமாவின் முகத்தை வைத்து எப்படிச் சொல்வது? மூக்கில் உட்கார்ந்த ஈ எழுந்து பறந்ததும்தான் மகேஷுக்கு மூச்சு வந்தது. இரண்டாவது சிம் பிடித்துக்கொண்டது. மாமாவின் அண்ணன் மகன் கொள்ளி வைக்கும்வரை அந்த 1 அசையவில்லை.

குளித்துவிட்டு ஈரவேட்டியோடு மாமி வீட்டு வாசலில் நின்றான்.

"மாமி, அனந்து கடைசிவரைக்கும் பார்த்தான்."

மாமி மடியிலிருந்த மொபைலைக் கவிழ்த்துவைத்தாள்.

"அவன் பார்க்க பயமாயிருக்குன்னுட்டான்டா. பார்த்தது நான்தான். எனக்குன்னு கேட்டிருந்தா வாத்தியார் விட்டிருப்பாரா?"