முப்பத்தாறாயிரம் அடி உயரத்திலிருந்து ஒரு திருத்தம்

மனிதர்களில் ஒரு ரகம் உண்டு. தரையில் அவர்களை அடையாளம் காண்பது கடினம். தரையில் நாம் எல்லோருமே போனும் கையுமாகத்தான் திரிகிறோம். விமானத்தில் ஏற்றிவிட்டுப் பாருங்கள், சாயம் வெளுத்துவிடும். பதினான்கு மணி நேரப் பயணம் என்றால் மற்றவர்கள் சன்னலோரம் கிடைக்குமா, கால் நீட்ட இடம் இருக்குமா, சாப்பாடு வாயில் வைக்கும்படி இருக்குமா என்று கவலைப்படுவார்கள். இவர்கள் கேட்பது ஒன்றே ஒன்றுதான். "உள்ள நெட் வருமா?"

நீண்ட தூர விமானங்களில் இணைய வசதி தர வேண்டுமா, வேண்டாமா என்று விவாதம் நடக்கிறது. நடக்கட்டும். ஆஸ்பத்திரியில் கிடக்கும் தாயைப் பற்றி ஒரு வரி சேதி வராதா என்று தவிக்கிறவனுக்கு அது பெரிய வரம். அவனைப் பற்றி இங்கே பேச்சில்லை. இங்கே பேச்சு, தன் வாயிலிருந்து ஒரு "சரி" வராமல் பூமியில் ஒரு துரும்பும் அசையாது என்று நம்புகிறவரைப் பற்றி.

அவரைக் கவனித்திருப்பீர்கள். விமானம் ஓடுபாதைக்கு வந்த பிறகும் காதிலிருந்து போனை எடுக்கமாட்டார். பணிப்பெண் ஒருமுறை சொன்னால் தலையாட்டுவார், இரண்டாம் முறை சொன்னால் விரலைக் காட்டுவார், மூன்றாம் முறை அவள் பக்கத்திலேயே நின்றுவிட்டால், "சரி சரி, மேல போய்ப் பேசறேன்" என்று சொல்லி வைப்பார். மேலே போய்ப் பேசுகிறாராம். பெல்ட் விளக்கு அணைந்ததும் மற்றவர்கள் செருப்பைக் கழற்றுவார்கள், இவர் காசு கட்டி நெட் பேக் வாங்குவார். அது வேலை செய்கிறதா என்று பார்க்க இறக்கையையும் மேகத்தையும் படம் பிடித்து எட்டுப் பேருக்கு அனுப்புவார். எட்டுப் பேரில் ஒருவர் பெருவிரலைக் காட்டினால்கூடப் போதும், முகத்தில் ரத்தம் ஓடும்.

இந்த வசதி வருவதற்கு முன்னால் இவர் என்ன செய்தார்? இவர் பறந்த அந்த நாட்களில் எந்தக் கட்டடம் இடிந்தது, எந்த ஆலை எரிந்தது? ஒன்றும் ஆகவில்லை. இவருடைய துக்கமே அதுதான்.

நம்முடைய ஆள் ஓர் அச்சகத்தின் முதலாளி. அச்சகத்தில் அவருக்கு வைத்த பெயர் டவர். நேரில் யாரும் சொல்வதில்லை. அவருடைய அக்கா மட்டும் அந்தப் பெயரைக் காதில் வாங்கிக்கொண்டும் வாங்காதவள் போல இருப்பாள். தம்பியாயிற்றே.

அக்கா எட்டாம் வகுப்போடு நின்றவள். பைண்டிங் பகுதி முழுவதும் அவள் பொறுப்பு. அவளுக்குக் கீழே இருபது பெண்கள். அட்டைக்கு நிறம் பார்ப்பதும் அவள்தான். பார்க்கிற விதமே தனி. முற்பகல் வெளிச்சத்தில், வடக்குச் சன்னல் பக்கம், அட்டைக்கு அருகே ஒரு வெறும் வெள்ளைத் தாளை வைத்துக்கொண்டுதான் பார்ப்பாள். பிடித்துப்போனால் அட்டையின் மூலையில் கையெழுத்துப் போடுவாள். அந்தத் தாள் பைண்டிங் மேசைக்கு மேலே தொங்கும். இயந்திரத்திலிருந்து கட்டுக் கட்டாக அட்டை வரும்போது, ஒவ்வொரு கட்டிலிருந்தும் ஒன்றை உருவி அந்தத் தாளோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்த பிறகுதான் பெண்கள் கட்டைப் பிரிப்பார்கள். இதற்கு எழுதி வைத்த சட்டம் கிடையாது. வருஷக்கணக்காக நடக்கிறது.

தம்பிக்கு வேறு சட்டம். ஒவ்வொரு மணிக்கும் ஓர் அட்டையைப் படமெடுத்து அவருக்கு அனுப்ப வேண்டும். அவர் "சரி" என்று போட வேண்டும். போன வருஷம் ஒருநாள் மிஷின்மேன் பதிலுக்குக் காத்திருக்காமல் ஓட்டிவிட்டார். வேலை சுத்தமாக முடிந்தது. அதற்காகவே, ஆட்கள் எல்லோரையும் நிற்க வைத்து அரை மணி நேரம் அவரை வாங்கு வாங்கென்று வாங்கினார் டவர். தப்பாகப் போயிருந்தால்கூட மன்னித்திருப்பார்.

இப்படிப்பட்டவர் அக்காவை அழைத்துக்கொண்டு, கடல் தாண்டிக் குடியிருக்கும் தங்கையைப் பார்க்கப் புறப்பட்டார். புறப்பட்ட நாளில்தான் அச்சகத்தில் பள்ளிப் பாடப்புத்தகத்தின் அட்டை ஓடவேண்டியிருந்தது. நாற்பதாயிரம் அட்டை, நடுவில் ஒற்றைப் பச்சை இலை. மறுநாள் காலை லாரியில் ஏறியாக வேண்டும். சென்ற முறை இரண்டு நாள் தாமதமானதற்கே, இன்னொரு தடவை இப்படி ஆனால் வேறு அச்சகம் பார்த்துக்கொள்வோம் என்று பள்ளிக்காரர்கள் முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தார்கள். அந்த வேலை போனால் பைண்டிங்கில் பாதிப் பேருக்கு வேலை இல்லை. அட்டைக் காகிதமும் கணக்காகத்தான் இருந்தது. கெட்டுப்போனால் புதிதாக வர ஒரு வாரம் ஆகும். இதெல்லாம் தெரிந்ததனால்தான் அக்கா கிளம்புவதற்கு முதல் நாளே நிறம் பார்த்து, கையெழுத்துப் போட்டு, தாளைத் தொங்கவிட்டு வந்தாள்.

காலை ஆறு மணிக்கு விமானம் கிளம்பியது. கிளம்பிய சில நிமிடங்களிலேயே அக்கா பக்கத்து இருக்கை அம்மாளிடம், இவன் என் தம்பி, பெரிய அச்சகம், நூறு பேருக்குச் சோறு போடுகிறான் என்று சொல்லி முடித்துவிட்டாள். உண்மையில் அறுபது பேர். தம்பி என்றால் அவளுக்குக் கூட்டல் கொஞ்சம் தாராளமாகிவிடும்.

தம்பிக்கோ நெட் வரவில்லை. கடலுக்கு மேலே ஒரு பகுதி அப்படித்தான் என்றாள் பணிப்பெண். அவர் கெடியாரத்தைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், பணிப்பெண்ணைக் கூப்பிட்டார், மறுபடி கூப்பிட்டார், இதைவிடச் சின்ன விமானத்தில்கூட வருகிறது என்றார், நான் யார் தெரியுமா என்பதை மட்டும் வாய்விட்டுச் சொல்லவில்லை. தரையில் அந்த நேரத்தில் என்ன நடந்தது என்கிறீர்கள்? லாரிக்குப் பயந்து, நான் மேலே போய்ப் பார்க்கிறவரை ஓட்டிக்கொண்டிரு என்று அவரே சொல்லியிருந்தபடி எட்டு மணிக்கு இயந்திரம் ஓடத் தொடங்கி, மணிக்கு ஐயாயிரம் வீதம், பிற்பகல் ஒரு மணிக்குள் இருபத்தையாயிரம் அட்டை கண்ணாடி போல இறங்கியிருந்தது. அவர் இல்லாமல்.

ஒரு மணிக்கு நெட் வந்தது.

வெளியே உச்சி வெயில். உள்ளே பயணிகள் தூங்குவதற்காகச் சன்னல்களை மூடி விளக்கை அணைத்திருந்தார்கள். இருட்டில் கண் கெட்டுவிடக் கூடாதென்று டவர் தன் போனில் ஒரு பொத்தானைத் தட்டி, திரையை மஞ்சள் பூத்த மாதிரி ஆக்கி வைத்திருந்தார். அந்தத் திரையில்தான் ஐந்து மணி நேரத்து அட்டைகளும் ஐந்து படங்களாக வந்து விழுந்தன. பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். முகம் மலர்ந்தது. ஒரு குறை கிடைத்துவிட்டது.

"அக்கா, இலை பழுத்துப் போயிருக்கு பாரு. மஞ்சள் தூக்கலா அடிச்சு வெச்சிருக்கானுங்க."

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தாள். இலை மஞ்சளாகத்தான் இருந்தது. ஆனால் இலைக்குச் சுற்றிலும் இருந்த வெள்ளை?

"ஏன்டா, அந்த வெள்ளை ஏன் டீ கொட்டின மாதிரி இருக்கு?"

"அது கண்ணுக்கு இதமா இருக்கணும்னு நான் வெச்சிருக்கேன். இப்படி வெச்சா எல்லாமே கொஞ்சம் மஞ்சளாத் தெரியும். உனக்குப் புரியாது."

எல்லாமே கொஞ்சம் மஞ்சளாகத் தெரியும். தன் வாயாலேயே சொன்னார். சொல்லும்போதே விரல்கள் தட்டிக்கொண்டிருந்தன: "மஞ்சளைக் குறை. நீலத்தை ஏற்று. உடனே. பழையபடி ஒன்றுகூட ஓட்டாதே." அனுப்பு என்று அழுத்தினார். போய்ச் சேர்ந்துவிட்டது என்பதற்கு அடையாளமும் விழுந்தது. ஒரு பெருமூச்சு விட்டு இருக்கையில் சாய்ந்து, "பாத்தியா, நான் மட்டும் பாக்காம இருந்திருந்தா?" என்றார்.

அக்கா சாப்பாட்டுத் தட்டோடு வந்த வெள்ளைக் காகிதத்தைப் பிரித்து, தலைக்கு மேலிருக்கும் படிக்கிற விளக்கைப் போட்டு, அவருடைய போனுக்குப் பக்கத்தில் பிடித்தாள். பிடித்தபடியே இருந்தாள். தம்பி காகிதத்தைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். இந்த ரகத்துக்கு விஷயம் உறைக்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும். நான்கு நிமிடம் பிடித்தது. மெல்லப் பொத்தானைத் தட்டி மஞ்சளை எடுத்தார். திரையில் இலை, அக்கா கையெழுத்துப் போட்ட அதே பச்சையில் நின்றது.

"வேணாம்னு இன்னொண்ணு அனுப்பிரு" என்றாள் அக்கா. குரலை உயர்த்தவில்லை. அவள் கண்ணுக்கு முன்னால் இருபது முகங்கள்.

அடித்தார். அனுப்பினார். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. நெட் போய்விட்டிருந்தது. தப்பைச் சுமந்து போக வந்த இணையம், திருத்தத்தைச் சுமக்க வரவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நடைபாதையில் முன்னும் பின்னும் நடந்தார்; கழிப்பறைக்குள் போய்ப் பார்த்தார்; தூங்கிக்கொண்டிருந்தவரின் மேலே சாய்ந்து சன்னல் மூடியைத் தூக்கி வானத்துக்குப் போனைக் காட்டினார். ஒரே ஒரு வார்த்தை போக வேண்டும், விமானியிடம் சொல்லி ஏற்பாடு செய்ய முடியாதா என்று பணிப்பெண்ணிடம் கெஞ்சினார். இனி இறங்குகிறவரைக்கும் சந்தேகம்தான், வேண்டுமானால் படம் பார்க்கலாம் என்றாள் அவள். ஏழு மணி நேரம் மிச்சமிருந்தது. மீதிப் பதினைந்தாயிரம் அட்டை ஓடி முடிய மூன்று மணி நேரம் போதும். போன வருஷம் வாங்கிய வாங்கில், மிஷின்மேன் இந்தத் தடவை முதலாளி சொல்லைத் தட்டமாட்டார். அக்காவுக்கு அது நன்றாகத் தெரியும். அவள் தூங்கவில்லை. பக்கத்து அம்மாள், உங்கள் தம்பிக்கு உடம்பு சரியில்லையா என்று விசாரித்தபோது, "வேலைப் பளுங்க" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சக்கரம் தரையைத் தொட்டதும் சேதிகள் கொட்டின. டவர் படிக்கப் பயந்து நீட்ட, அக்காதான் போனை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தாள். மிஷின்மேன் எழுதியிருந்தார்: நீங்கள் சொன்னபடி நீலத்தை ஏற்றினோம், முதல் இருநூறு இறங்கியது. பைண்டிங் பெண்கள் ஒன்றை எடுத்துப்போய் அக்கா கையெழுத்துப் போட்ட தாளோடு வைத்துப் பார்த்துவிட்டு, இது அக்கா பார்த்த கலர் இல்லை, இந்தக் கட்டைப் பிரிக்கமாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். முதலாளியின் உத்தரவு என்று சொல்லியும் எழுந்திருக்கவில்லை. உங்களுக்குப் பதினோரு தடவை போன் போட்டோம். கிடைக்கவில்லை. நீங்கள் கிடைக்காததனால் வேறு வழியில்லாமல் பழையபடியே ஓட்டி முடித்துவிட்டோம்; கெட்ட இருநூறைக் கழிவுக்கென்று வைத்த உபரித் தாளில் ஈடுகட்டிவிட்டோம். காலையில் லாரி கிளம்பிவிடும். மன்னிக்கவும்.

அக்கா போனைத் தம்பியிடம் நீட்டிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

இந்த இடத்தில் தம்பிக்குப் புத்தி வந்தது, அக்கா கையைப் பிடித்துக்கொண்டார் என்று முடித்தால் உங்களுக்கும் நிம்மதியாக இருக்கும். இந்த ரகத்தை நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. முதல் இரண்டு நொடி அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது உண்மை. மூன்றாவது நொடியில் அது கருத்துவிட்டது.

"என்னைக் கேக்காமலேயே ஓட்டிட்டானுங்களா?"

"கேட்டிருக்காங்கடா. பதினோரு தடவை."

"அதான் சொல்றேன். நெட் இல்லாததால வந்த வினை."

பெட்டி வருகிற வரைக்கும் சும்மா நிற்க முடியுமா? விமான நிறுவனத்துக்கு மனு எழுதினார். பயணம் முழுவதும் தடையற்ற இணைய வசதி தராததனால் தன் தொழிற்சாலையில் கட்டுப்பாடு குலைந்தது என்றும், தொழிலாளர்கள் தன்னிச்சையாக முடிவெடுக்கும் ஆபத்தான நிலைமை உருவானது என்றும், வருங்காலத்தில் ஒரு நொடிகூட இணைப்பு அறக்கூடாதென்றும் கேட்டுக்கொண்டிருந்தார். எழுத்துப் பிழை இருக்கிறதா பார் என்று அக்காவிடம் நீட்டினார். அக்கா முழுவதும் படித்தாள். எழுத்துப் பிழை எதுவும் இல்லை என்றாள்.

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை என்கிறீர்கள். நல்லது. அடுத்த தடவை நீங்கள் நீண்ட பயணம் கிளம்பும்போது, உங்கள் ஆட்கள் வாசல்வரை வந்து, பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டு, "மொத்தம் எத்தனை மணி நேரம் சார்? உள்ள நெட் வருமா?" என்று கேட்கிறார்களா என்று மட்டும் கவனியுங்கள். வரும் என்று சொல்லிவிட்டு உடனே காரில் ஏறிவிடாதீர்கள். நின்று அவர்கள் முகத்தைப் பாருங்கள்.