கூடத்தில் போட்ட தண்டவாளம்

அரியலூர்,
12-9-1984

அன்புள்ள மச்சான் இராமலிங்கத்துக்கு,

அத்தான் முருகையன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் மகள் ஜானகியும் நலம். உன் அக்கா செங்கமலமும் நலம். குரல் மட்டும் ரயில்வே ஸ்டேஷன் வரை கேட்கிறது. சிங்கப்பூரில் உன் உடம்பு சுகத்துக்கு எழுதவும்.

நீ கொடுத்தனுப்பிய பொம்மை ரயில் வந்து சேர்ந்தது. வினையே அதில்தான். கூடத்தில் தண்டவாளத்தைப் பூட்டி, வயர் கொடுத்து ஓட விட்டேன். உன் அக்கா பெருக்கும்போதெல்லாம் விளக்குமாறு பட்டுக் கழன்று போனது. சிமெண்ட் ஆலையில் வேலை பார்ப்பவன் என்ன செய்வான்? தரையோடு சேர்த்துச் சிமெண்ட் குழைத்துப் பூசிவிட்டேன். பூசிக் காய்ந்த பிறகுதான் அவள், "வெள்ளிக்கெழம விக்கிரமங்கலத்துலேருந்து பொண்ணு பாக்க வராங்க, இதப் பேத்து எடுங்க" என்றாள். நம் ஊர் சிமெண்ட் பெயருமா? உளிதான் உடைந்தது. வேறு வழியில்லாமல் ஜமுக்காளத்தை விரித்து மூடினோம்.

வந்தவர்கள் தங்கமானவர்கள். ஆனால் மாப்பிள்ளையின் அப்பா, ஜமுக்காளத்துக்கு அடியில் இருந்த பொம்மை ஸ்டேஷன் மேலேயே உட்கார்ந்து, "ஐயோ" என்று எழுந்துவிட்டார். இனி மறைத்து என்ன பயன் என்று ஜமுக்காளத்தைச் சுருட்டிவிட்டு சுவிட்சைப் போட்டேன். எஞ்சின் விளக்கோடு அழகாகக் கிளம்பியது. மாப்பிள்ளைப் பையன் தங்கசாமி கையிலிருந்த பஜ்ஜியைக் கடிக்க மறந்து பார்த்தான். அவன் அம்மா வெற்றிலைத் தட்டைக் கையிலெடுத்து, "எங்களுக்குப் பொண்ண..." என்று வாயெடுத்த நேரம் பார்த்து வண்டி நின்றுவிட்டது. தட்டினேன், தள்ளினேன், அசையவில்லை. "நல்ல பேச்சு பேசறப்ப நடுவழியில நின்னுடுச்சே, சகுனமே சரியில்லையே" என்று கூட வந்த அம்மாள் ஒருத்தி ஆரம்பித்தார். தட்டு கீழே இறங்கியது. மச்சான், ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போன பெண். என் விளையாட்டுப் புத்தியால் இதையும் கெடுத்துவிட்டேனே என்று கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அந்த நேரத்தில் ஜானகி உள்ளேயிருந்து வந்து, பட்டுச்சேலையோடு தரையில் குப்புறப் படுத்துத் தண்டவாளத்தை உற்றுப் பார்த்தாள். "ரெண்டு துண்டும் சேர்ற எடத்துல சிமெண்டு பூந்துடுச்சுப்பா, அதான் கரண்டு தாண்டல" என்று சொல்லிக்கொண்டே கொண்டை ஊசியை உருவி அந்த இடத்தில் இரண்டு துண்டையும் தொடும்படி செருகினாள். வண்டி ஓடியது! கொண்டை அவிழ்ந்து, பூ அத்தனையும் தரையில். உன் அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். "போயி சொல்லி அனுப்பறோம்" என்று அவர்கள் எழுந்துவிட்டார்கள். வாசலைத் தாண்டும்போது தங்கசாமி திரும்பிப் பார்த்தான். பெண்ணையா, வண்டியையா என்று தெரியவில்லை. அந்த ஒரு பார்வையைப் பிடித்துக்கொண்டுதான் இன்னும் சாப்பாடு இறங்குகிறது.

நாளைக் காலை கொத்தனார் வருகிறார். கூடத்தையே பெயர்த்துவிடப் போகிறோம். இனி ஜென்மத்துக்கும் எனக்கு எஞ்சின், தண்டவாளம் எதுவும் அனுப்பாதே. இது உன் அக்கா மேல் சத்தியம்.

கல்லங்குறிச்சிப் பெருமாள் கடல் தாண்டியும் உன் பக்கத்தில் நிற்கட்டும்.

இப்படிக்கு,
முருகையன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் விக்கிரமங்கலத்திலிருந்து ஆள் வந்துவிட்டது. சம்மதமாம்! "நின்னு போனத நாங்கல்லாம் பாத்துக்கிட்டு நின்னோம், ஓட வச்சது அந்தப் பொண்ணு. அவதான் எங்க வூட்டுக்கு வேணும்" என்று மாப்பிள்ளையின் அம்மா சொல்லி அனுப்பியிருக்கிறார். கொத்தனாரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தங்கசாமி அவன் வீட்டிலும் பாதை போடப் போகிறானாம்; வயரை எங்கே கொடுப்பது என்று ஜானகிக்குச் சீட்டு அனுப்பியிருக்கிறான். அவள் படம் போட்டுப் பக்கம் பக்கமாகப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறாள். வயர் விஷயம்தானே என்று எட்டிப் பார்க்கப் போனேன். உன் அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டாள்: "அவ எழுதறத நீங்க பாக்காதீங்க. போயி எந்தம்பிய இன்னொரு ரயிலு அனுப்பச் சொல்லி எழுதுங்க."