பட்டு நகர் விரிவு நலச் சங்கம் ஒரு தொட்டிலுக்குப் பாடுபட்ட வரலாறு

உலகத்தில் சங்கங்கள் பல உண்டு. எல்லா நாடுகளுக்கும் சேர்த்து ஒரே சபை இருப்பதாகக்கூடச் சொல்கிறார்கள். இருக்கட்டும். ஆனால் மூலை வீட்டுத் தம்பதிக்குக் குழந்தை பிறக்கவில்லை என்பதை அவசரப் பொருளாக எடுத்துக்கொண்டு, டீயும் பிஸ்கட்டும் கொடுத்து, கைதட்டித் தீர்மானம் நிறைவேற்றிய சங்கம் இந்தப் பூமியில் ஒன்றுதான். அது காஞ்சிபுரத்துக்கு வெளியே, எங்கள் பட்டு நகர் விரிவில் இருக்கிறது. அதற்கு நாற்காலி போடும் பாக்கியம் எனக்கு வாய்த்திருக்கிறது.

காலையில் எனக்குப் பிள்ளையார்பாளையத்துச் சாயப்பட்டறையில் வேலை. சாயங்காலம் சங்கத்தில். சாயம் கையோடு நின்றுவிடும். சங்கம் தலைக்குள்ளும் ஏறும்.

மூலை வீட்டுக்காரர்கள் முத்துக்குமாரும் கீர்த்தியும். கோர்வைச் சேலை நெய்கிறவர்கள். உடலுக்கு ஒரு நூல், கரைக்கு வேறு நூல், நூலைக் குறுக்கே ஓட்டும் நாடாவும் தனித்தனி. அதனால் தறியில் இரண்டு பேர் உட்கார வேண்டும். அவர் ஒரு பக்கம், அந்தப் பெண் மறுபக்கம். கல்யாணமாகிப் பல வருடம் ஆகியும் குழந்தை இல்லை. இது தங்கள் சொந்தக் கவலை என்று இருவரும் அறியாமையால் நினைத்துக்கொண்டிருந்தார்கள். சங்கம் அந்தத் தவறைத் திருத்தியது.

மகளிர் அணித் தலைவி துர்காதேவி அம்மாள் மாதந்தோறும் நேரில் வந்து ‘கள ஆய்வு’ செய்வார்.

"இன்னா கீர்த்தி, மூஞ்சி தெளிவா இருக்குது. விசேஷமா?"

"இல்லக்கா. ராத்திரி நல்லா தூங்கினேன்."

"தூங்கிக்கினே இருந்தா எப்டிமா ஆவும்?"

செயலாளர் லோகேஸ்வரன் படித்த இளைஞர். வாட்ஸ்அப்பில் ‘மழலைத் திட்டம்’ என்று ஒரு குரூப் ஆரம்பித்து, தெருவையே அதில் சேர்த்தார். சம்பந்தப்பட்ட இருவரைச் சேர்க்க மறந்துவிட்டார். அதில் மாதுளம்பழம் வந்தது, மூச்சுப்பயிற்சி வந்தது, எந்தத் திசையில் தலை வைக்க வேண்டும் என்பதற்குப் படமும் வந்தது.

தலைவர் தணிகாசலம் எங்கள் தெருவின் பட்டு முதலாளி. முத்துக்குமாருக்குத் தறியில் ஏற்றும் பாவு நூலும் ஜரிகையும் கொடுத்துச் சேலை நெய்து வாங்குகிறவர் அவர்தான். திருமுக்கூடலில் மூன்று ஆறும் சேரும் இடத்தில் முங்கி எழுந்தால் பலன் நிச்சயம் என்றார்.

"ஆத்துல தண்ணி இல்லீங்களே," என்றார் முத்துக்குமார்.

"மணல்ல நின்னுட்டு வாப்பா. தண்ணி இல்லாதது உன் தப்பு இல்லன்னு சாமிக்குத் தெரியாதா?"

நின்றுவிட்டும் வந்தார்கள். கால் சுட்டதுதான் பலன்.

கடைசியில் இருவரும் ஒரு குழந்தையைத் தத்து எடுக்க முடிவு செய்து, விண்ணப்பமும் போட்டுவிட்டார்கள். சங்கத்தைக் கேட்காமலே. உடனே அவசரக் கூட்டம் கூடியது. கீர்த்தி எழுந்து நின்று பேசியது. விரலில் ஒரு துண்டு நூலைச் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தது.

"பெருசா ஒண்ணும் வேணாங்க. வெள்ளிக்கிழமை ஒரு அதிகாரி வூடு பாக்க வராங்க. எங்களப் பத்தி அக்கம்பக்கத்துல விசாரிப்பாங்களாம். ரெண்டு வார்த்த நல்லதா சொன்னா போதும். அது இல்லன்னா எங்களுக்குக் கொழந்த இல்ல."

சபை உருகியது. துர்காதேவி அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னாமா ரெண்டு வார்த்த?" என்றார் தலைவர். "ஒரு சொற்பொழிவே ஆத்தறேன். அந்த அதிகாரி அழுதுகினே கையெழுத்துப் போடணும்."

பிறகு தீர்மானங்கள். தெருவைக் கூட்டுவது. கோலம் போடுவது. எல்லோரும் சிரித்த முகமாக இருப்பது. அதிகாரி இருக்கும்வரை எந்த நாயும் குரைக்கக் கூடாது.

"நாய்க்கு யாரு சொல்றது?" என்றது ஒரு குரல்.

"துரைக்கண்ணு சொல்லுவான்," என்றார் தலைவர். துரைக்கண்ணு நான்தான்.

வெள்ளிக்கிழமை வந்தது. அரசாங்கப் பலகை மாட்டிய ஜீப் வரும், டவாலி போட்ட சேவகர் முன்னால் இறங்குவார், மூக்குக்கண்ணாடி போட்ட ஆண் ஒருவர் பின்னால் இறங்குவார் என்பது சங்கத்தின் கணிப்பு. தலைவர் சொற்பொழிவை உதட்டுக்குள் உருப்போட்டபடி நின்றார். நான் தெருமுனையில் நாய்களுக்கு ரஸ்க் போட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போது ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. பருத்திச் சேலை கட்டிய ஒரு அம்மா இறங்கினார். "முத்துக்குமார்னு நெய்யறவரு வீடு எதுங்க?" என்றார்.

வெளியூர்க் காரில் ஒரு பெண் வந்திறங்கி, நெசவாளி பேரைச் சொல்லி வீடு கேட்டால், எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். முதலாளியைத் தாண்டி நேராகத் தறியிலேயே சேலை வாங்க வந்திருக்கிறார். சொற்பொழிவு தலைவரின் உதட்டிலேயே நின்றுவிட்டது. அரசாங்கம் காத்திருக்கும், வாடிக்கை காத்திருக்குமா?

"உள்ள வாங்கம்மா. வெயில்ல நிக்கறீங்களே."

"நான் சேலை வாங்க வரலீங்க."

"எல்லாரும் அப்டித்தாம்மா ஆரம்பிப்பாங்க. சும்மா பாருங்க. டேய் துரைக்கண்ணு, ஜமக்காளத்த விரி!"

நாய்களை ரஸ்க்கிடம் ஒப்படைத்துவிட்டுத் தலைவர் வீட்டுக் கூடத்துக்கு ஓடினேன். தலைவர் ஒரு சேலையை எடுத்து உதறி விரித்தார். அரக்கு உடம்பு, பச்சைக் கரை.

"கோர்வைமா. உடம்பு வேற நூலு, கரை வேற நூலு. கோத்துட்டா ஒண்ணு. இழுத்துப் பாருங்க. பொடவ கிழிஞ்சாலும் கிழியும், கோர்வ பிரியாது."

அந்த அம்மா இழுத்துப் பார்த்தார். பிரியவில்லை.

"அழகா இருக்கு. ஆனா நான் முத்துக்குமார் வீட்டுக்குத்தான் போகணும்."

தலைவர் துர்காதேவி அம்மாளைப் பார்த்தார். இப்படிப்பட்ட கட்டங்களுக்குத்தான் மகளிர் அணி. துர்காதேவி அம்மாள் நெருங்கி உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினார்.

"முகூர்த்தப் பொடவைன்னு சொல்றீங்க..."

"நான் சொல்லலையே?"

"...மடியில ஒரு புள்ள தங்காதவ அவ. அவ கை பட்ட பொடவயக் கட்டிகினு உங்க பொண்ணு மணையில குந்தலாமா? நீங்களே சொல்லுங்க."

ஒரு சின்ன விவரம். ஜமக்காளத்தில் விரிந்து கிடந்த அந்த அரக்குச் சேலையை முத்துக்குமார் வீட்டுத் தறியிலிருந்து அறுத்து, மடித்து, முந்தாநாள் தோளில் சுமந்து வந்தவன் நான். அந்தப் பெண்ணின் கை படாமல் அது எப்படிச் சேலையானது என்பது சங்கத்தின் ‘தொழில் நுட்பம்’.

வந்தவர் சேலையின் கரையைக் கையில் எடுத்துக்கொண்டார். பிறகு, "அவங்க ஒரு குழந்தையத் தத்து எடுக்கப் போறதா கேள்விப்பட்டேனே," என்றார்.

தலைவர் சிரித்தார். "எடுக்கட்டும்மா. நாங்கதான் இன்னிக்கு நல்லது சொல்லி வாங்கித் தரப்போறோம். ஆனா வெளியூர்க்காரங்க, உங்க கிட்ட சொல்றதுக்கு இன்னா? எந்த வயித்துப் புள்ளயோ, எந்த ஜாதியோ. வேற ரத்தம் வந்து ஒட்டுமாமா?"

அந்த அம்மா கையிலிருந்த கரையைப் பார்த்தார்.

"இப்பதானே இழுத்துப் பாக்கச் சொன்னீங்க?"

"அது நூலும்மா!"

அவர் சேலையை ஒழுங்காக மடித்து வைத்துவிட்டு எழுந்தார். "நீங்க காத்துக்கிட்டிருந்த அதிகாரி நான்தாங்க."

தெருமுனையில் ரஸ்க் தீர்ந்துபோன நாய்கள் தீர்மானத்தை மீறிக் குரைத்தன.

தலைவர் லேசில் கலங்குகிறவர் அல்ல. "அம்மா, இவ்ளோ நேரம் பேசினது வியாபாரப் பேச்சு. அதிகாரிக்குன்னு தனியா ஒரு பேச்சு மனப்பாடம் பண்ணி வச்சிருக்கேன். குந்துங்க. பெருமதிப்பிற்கும் பேரன்பிற்கும் உரிய..."

அதிகாரி அதற்குள் வாசலைத் தாண்டியிருந்தார். காபி பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடும்படி எனக்கு உத்தரவாயிற்று. சங்கத்தின் மானம் அந்த பிளாஸ்க்கில் இருந்தது.

மூலை வீட்டில் தறிக்கு எட்டின தூரத்தில் ஒரு சின்ன மெத்தை, அதன்மேல் கடுகு நிரப்பிய சின்னத் தலையணை. தறியில் அடுத்த சேலை பாதி ஏறியிருந்தது. ஒரே பாவில் இரண்டு மூன்று சேலை இறங்கும், ஆகவே அதே அரக்கு, அதே பச்சை. அதிகாரி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் பிளாஸ்க்கைப் பார்த்தேன்.

கீர்த்தி அவர் முகத்தைப் படித்துவிட்டது. "தெருவுல ஏதாவது சொன்னாங்களாமா?"

"உங்க வீட்டுல ஒரு குறையும் இல்லம்மா. ஆனா குழந்தை நாளைக்கு நடக்கும், வாசலுக்குப் போகும். அது யாரு பிள்ளைன்னு இந்தத் தெரு அதுக்கு தினமும் சொல்லிக் குடுக்கும். அப்ப என்ன பண்ணுவீங்க?"

முத்துக்குமார் நெய்த பாகத்தைக் கையால் தடவினார். தெருவில் வீடு, தலைவர் கொடுத்த பாவு, வருகிற மாதத்துச் சாப்பாடு எல்லாம் அந்தத் தறியில்தான் இருந்தன.

"கூரத்துல எங்க சொந்தக்காரங்க வூடு ஒண்ணு சும்மா கெடக்குது. இத முடிச்சுக் குடுத்துட்டு, தறியக் கழட்டிகினு அங்க போயிடறோம்மா."

"முடிக்கறது இன்னாத்துக்கு?" என்றது கீர்த்தி. "பாதியிலயே அறு."

அறுத்தார். அந்தப் பாதிச் சேலையைத் தலைவர் வீட்டில் சேர்த்தவனும் நான்தான். கோர்வை அதிலும் பிரியவில்லை.

பக்கத்து ஊரான கூரத்தில் வேறு முதலாளிக்கு நெய்கிறார்கள். மாசியில் குழந்தை வந்தது. பெண். செய்தி எட்டியதும் சங்கம் ‘மழலைத் திட்ட வெற்றி விழா’வுக்கு நாள் குறித்தது. பேனரில் தலைவர் படம் பெரிதாகவும், துர்காதேவி அம்மாள் படம் அதைவிடச் சற்றுச் சிறிதாகவும் இருந்தன. குழந்தையின் படம் இல்லை. அது எப்படி இருக்கும் என்று சங்கத்தில் யாருக்கும் தெரியாது.

அழைக்க நான்தான் போனேன். தறிக்குப் பக்கத்தில் தவழ்ந்துகொண்டிருந்த அது, சாயம் ஏறிய என் விரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"வரலன்னு சொல்லிடுண்ணா," என்றது கீர்த்தி.

"ஏன்னு கேப்பாங்களேமா."

"இங்க இன்னும் யாரும் அவகிட்ட, நீ யாரு புள்ளன்னு கேக்கல. இப்டியே இருக்கட்டும்."

குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று சங்கத்தில் சொன்னேன். உடனே மூன்று பேர் மூன்று கஷாயம் சொன்னார்கள். விழா தடபுடலாக நடந்தது. "நாம மட்டும் இல்லன்னா அந்தக் கொழந்தைக்கு ஒரு வாழ்க்க கெடச்சிருக்குமா?" என்று தலைவர் முழங்க, எல்லோரும் கைதட்டினார்கள். கையில் நாற்காலி இல்லாத நேரத்தில் நானும் தட்டினேன்.

பெருமையாகவே எழுதிவைக்கிறேன். ஒரு குழந்தைக்காக ஒரு தெருவே பாடுபட்டது எங்கள் பட்டு நகர் விரிவில்தான். அந்தக் குழந்தை தப்பிக்க வேண்டியிருந்த முதல் ஆபத்தும் நாங்கள்தான்.