நடக்காதோர் பட்டியல்

தல்லாகுளத்தில் நிலுவைக் கோப்புகள் கண்காணிப்பு அலுவலகம் என்று ஒன்று இருக்கிறது. மற்ற அலுவலகங்களில் தேங்கிக் கிடக்கும் கோப்புகள் ஒழுங்காகத் தேங்குகின்றனவா என்று பார்த்துக்கொள்வது அதன் வேலை. அங்கே மொத்தம் இருபத்து மூன்று பேர். அவர்களில் பதினொரு பேருக்குச் சர்க்கரை. மீதிப் பேர் இன்னும் ரத்தம் பார்க்கவில்லை.

அந்தப் பதினொரு பேரில் ஒருவர் உதவியாளர் சிவபாண்டி. சர்க்கரையைக் குறைக்க அவர் குடிக்காதது இல்லை. கருஞ்சீரகத் தண்ணீர், ஆவாரம்பூப் பொடி, சியா விதை, ஆப்பிள் வினிகர் என்று வாட்ஸ்அப்பில் வந்த வரிசைப்படியே குடித்தார். சர்க்கரை அசையவில்லை. வினிகர் குடித்த வாரம் வயிறு மட்டும் அசைந்தது.

திருநகரில் அவர் தெருவிலேயே கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் பவதாரிணி ரிப்போர்ட்டைப் பார்த்தார்.

"பொடியெல்லாம் தூக்கிப் போடுங்க. காலைல முக்கால் மணி நேரம் நடங்க. நேரத்துக்குச் சாப்பிடுங்க, நேரத்துக்குப் படுங்க. மாத்திரை அதே மாத்திரைதான்."

"அம்புட்டுத்தானா மேடம்?"

"அம்புட்டுத்தான். மூணு மாசத்துக்கு ஒருக்கா ரத்தம் பாப்போம். ரெண்டாவது தடவையும் குறையலன்னா இன்சுலின் ஊசி."

காய்ச்சல் ஊசிக்கே மனைவி சுபலட்சுமியின் கையைப் பிடித்துக்கொள்பவர் சிவபாண்டி. மறுநாள் விடிவதற்குள் நடக்க ஆரம்பித்துவிட்டார்.

பத்து நாள் நிம்மதியாக நடந்தார். பதினோராம் நாள் சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து 'ஊழியர் நல்வாழ்வு நடைப்பயிற்சி இயக்கம்' வந்து சேர்ந்தது. அலுவலர் சரண்யாதேவி எல்லோரையும் கூட்டி, "நம்மள்ல யாராவது நடக்கிறீங்களா?" என்று கேட்டார்.

எல்லோரும் மேசையைப் பார்த்தார்கள். சூப்பிரண்டு அழகுமலைதான் வாயைத் திறந்தார். "சிவபாண்டி நடக்கிறாப்ல மேடம்."

"அப்ப அவரே ஒருங்கிணைப்பு அலுவலர்."

ஒருங்கிணைப்பு அலுவலரின் பணி எளியது. ஊழியர் ஒவ்வொருவரும் நடக்கும் புகைப்படத்தைக் காலை ஐந்தரை முதல் ஆறரைக்குள் பெற்று, படிவத்தில் ஏற்றி, ஏழு மணிக்குள் சென்னைக்கு அனுப்ப வேண்டும். படத்தில் தேதியும் இடமும் தெரிய வேண்டும். நடப்பதற்கு ஆதாரமாக ஒரு கால் தரையிலிருந்து உயர்ந்திருத்தல் அவசியம்.

ஊழியர்கள் வண்டியில் பூங்காவுக்குப் போய், ஒரு காலைத் தூக்கிப் படம் எடுத்து, அதே வண்டியில் போய் வடை தின்றார்கள். சிவபாண்டிக்கு அதற்கும் நேரமில்லை. வாசற்படியில் உட்கார்ந்து போனை அழுத்திக்கொண்டிருந்தார்.

"அண்ணே, காலத் தூக்குனா கை ஆடுது. போட்டோ மங்கலா வருது" என்று பூங்காவிலிருந்து ஒருவர் போனில் கூப்பிட்டார்.

"யாரையாச்சும் எடுக்கச் சொல்லு மாப்ள. ஆறு இருபத்தெட்டு ஆச்சு."

சிவபாண்டியின் காலைச் சுபலட்சுமி படம் எடுத்தாள். "நேத்து எடுத்த காலையே அனுப்ப வேண்டியதுதானே?"

"தேதி விழுகும்டி."

துப்புரவுப் பணியாளர் மாயக்காளிடம் மட்டும் பட்டன் போன்தான். செல்லூரிலிருந்து நடந்தே வந்து, மூன்று மாடியும் ஏறிப் பெருக்கி, நடந்தே வீடு போகிறவர். படிவத்தில் 'நடக்காதோர்: 1' என்று அவர் பெயர் ஏறியது.

"நடந்துதான சார் வாரேன்?" என்று சிவபாண்டியிடம் கேட்டார் மாயக்காள்.

"போட்டோ இருக்கா?"

"இல்ல."

"அப்ப நடக்கல."

"நடக்காம எப்பிடி வந்தேன்? வரவேயில்லன்னு வச்சுக்கிட்டு வீட்டுக்குப் போறேன்."

மூன்று மாதம் கழித்து மருத்துவ முகாம் நடந்தது. இருபத்திரண்டு பேருக்கும் சர்க்கரை ஏறியிருந்தது. மாயக்காளுக்கு எல்லாம் சரியாக இருந்தது. முடிவுகளை ஆழ்ந்து பரிசீலித்த சென்னை, பின்வருமாறு எழுதியது:

'நாள் தவறாமல் நடந்த இருபத்திரண்டு பேருக்கும் சர்க்கரை உயர்ந்துள்ளது. அறவே நடக்காத ஒருவர் நலமாக உள்ளார். எனவே நடைப்பயிற்சி சர்க்கரையைக் கூட்டும் என்பது ஐயமற நிறுவப்படுகிறது. நடைப்பயிற்சி உடனடியாக நிறுத்தப்படுகிறது. மீறி நடப்போர் மீது பதினேழு பி பிரிவின்கீழ் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்படும்.'

மாயக்காள் முன்மாதிரி ஊழியராக அறிவிக்கப்பட்டார். முன்மாதிரி நடந்து கெட்டுவிடக்கூடாது என்பதால் செல்லூருக்கு ஜீப் போய் அவரை ஏற்றி வந்தது. பெருக்க வெளியாள் வந்தார்; மாயக்காள் நாற்காலியில் உட்கார்ந்து மேற்பார்த்தார். காலை பதினொரு மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் முன்மாதிரிக்கு டீயும் கேக்கும் தரப்பட்டன.

யாரும் நடக்கவில்லை என்று மாதம் ஒரு கையெழுத்து. சிவபாண்டியின் வேலை அந்த அளவுக்குக் குறைந்துபோனது. விடியற்காலை சும்மா கிடந்தது. இன்னும் ஒரு ரத்தப் பரிசோதனை பாக்கி. அதிலும் குறையாவிட்டால் ஊசி. ஊசியையும் பதினேழு பி-யையும் மாறி மாறி நினைத்துப் பார்த்தவர், நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு திருப்பரங்குன்றம் கிரிவலப் பாதைக்குப் போனார். யாராவது கேட்டால் சாமி கும்பிட்டுச் சுற்றுகிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

பாதி மலை சுற்றுவதற்குள் தலையில் துண்டு போட்ட உருவம் ஒன்று எதிர்ப்பட்டது.

"என்ன சிவபாண்டி, நடக்கிறியா?" என்றது துண்டு. அழகுமலையின் குரல்.

"கிரிவலம்ணே. நீங்க?"

"நானும் அதான்."

"கிரிவலம் இடமிருந்து வலமால்லண்ணே வரணும்? எதுத்தாப்ல வாரீங்க."

அழகுமலை துண்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "வழியில எதையோ விட்டுட்டேன், எடுக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி, கூடவே நடந்தார். மருத்துவ முகாமில் அவருக்கு வந்த எண்ணைப் பார்த்துவிட்டு, அவர் வீட்டில் சமையலறையைப் பூட்டிவிட்டார்கள் என்பது பிறகு தெரிந்தது.

மாத முடிவில் அலுவலகம் முழுவதற்கும் பக்தி பிறந்துவிட்டது. சரண்யாதேவி மேடமும் முக்காடிட்டு வந்தார். ஒருவரை ஒருவர் பார்ப்பதில்லை, பேசுவதில்லை, யாரும் படம் எடுப்பதில்லை. முன்னால் போகிறவர் பின்னால் வருகிறவருக்குப் பயந்து விரைந்தார். பின்னால் வருகிறவர் தனக்குப் பின்னால் வருகிறவருக்குப் பயந்தார். வழிபாட்டுக்கு வந்தவர்கள் வடை தின்றால் நன்றாக இருக்காது என்பதால் நேரே வீடு போய் இட்லி சாப்பிட்டார்கள். விடியலில் எழ வேண்டுமே என்று நேரத்துக்குப் படுத்தார்கள்.

இரண்டாவது முகாமில் இருபத்திரண்டு பேருக்கும் சர்க்கரை இறங்கியிருந்தது. சிவபாண்டிக்கு ஊசி இல்லை என்று டாக்டர் பவதாரிணி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மாயக்காளுக்கு மட்டும் ஏறியிருந்தது.

சென்னைக்கு இதில் குழப்பமே இல்லை. நடந்தால் ஏறும் என்பது ஏற்கெனவே நிறுவப்பட்ட உண்மை. மாயக்காளுக்கு ஏறியிருக்கிறது. ஆகவே அவர் இரகசியமாக நடந்திருக்கிறார். விசாரணை அலுவலராகச் சிவபாண்டி நியமிக்கப்பட்டார்.

குனிந்த தலையோடு அவர் விசாரித்தார். "மாயக்கா, நீ நடந்தியா? இல்லன்னு சொல்லு, எப்பிடியாச்சும் எழுதி முடிச்சர்றேன்."

மாயக்காள் அவர் நெற்றியில் அழியாமல் இருந்த விபூதியைப் பார்த்தார். "நடந்தேன்னு எழுதுங்க சார்."

"நடக்கலயே நீ. தண்டனை வரும்."

"வரட்டும். அந்த ஜீப்ப நிறுத்திருங்க. கேக்கையும் நிறுத்திருங்க. வெளியாள அனுப்பிட்டு, பெருக்குற வாரியல எங்கிட்டக் குடுத்திருங்க. இதுக்கு மேல என்னய உக்கார வச்சா செத்துருவேன்."

குற்றவாளியே கேட்டுக்கொண்ட தண்டனை அப்படியே விதிக்கப்பட்டது. மாயக்காள் இனி நடந்தே பணிக்கு வர வேண்டும். மூன்று மாடிகளையும் தாமே பெருக்க வேண்டும். நடந்தால் இந்தக் கதிதான் என்று மற்ற ஊழியர்கள் உணர்ந்து திருந்தும் பொருட்டு ஆணை சுற்றுக்கு விடப்பட்டது. இருபத்திரண்டு பேரும் படித்துக் கையெழுத்திட்டார்கள். ஒருவரும் எழுந்து வரவில்லை. தாள்தான் மேசை மேசையாகப் போனது. அன்று பௌர்ணமி. காலையில் எல்லோரும் மலையை இரண்டு சுற்றுப் போயிருந்தார்கள்.