அறுநூறு டிகிரிக்குக் கீழ்

உலகத்தில் சூடு என்று சொல்லத் தகுந்தது அறுநூறு டிகிரிக்கு மேல்தான் தொடங்குகிறது என்று மனமார நம்பிய ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து, எங்கள் ஆயிரத்திருநூறுதான். அதற்குக் கீழே இருப்பதெல்லாம் அவரைப் பொறுத்தவரை வெதுவெதுப்பு.

விருத்தாசலத்து மே மாத வெயிலில் பஸ்ஸுக்கு நின்றவர்களுக்குத் தெரியும், தார் உருகிச் செருப்பைப் பிடித்துக்கொள்ளும். அந்த வெயிலில் ஆபீஸ் வாசலில் நின்றுகொண்டு, "என்னா மேடம், மழ வர்ற மாரி குளுந்து கெடக்குது" என்பார். நக்கல் கிடையாது. டீக்கடையில் கொதிக்கக் கொதிக்க வந்த டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "ஆறிப்போச்சுங்க, கொஞ்சம் சுட வச்சுத் தாங்க" என்று கிளாசை நீட்டுவார். டீக்கடைக்காரர் அவரைக் கண்டாலே அடுப்பைக் கூட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

ஒரு பல்கலைக்கழகத்தின் சின்னக் கிளையாக எங்கள் ஊரில் இருந்த பீங்கான் ஆராய்ச்சி மையத்தில் அவருக்குச் சூளையைப் பார்த்துக்கொள்ளும் வேலை. சூளை கடைசியாகத் தொட வேண்டிய வெப்பம் ஆயிரத்து இருநூறு டிகிரி. அதையே நாளெல்லாம் சொல்லிச் சொல்லி அதுவே பெயராகிவிட்டது. சம்பளப் பட்டியலில் வேறு ஏதோ பெயர் இருந்தது. அவர் மனைவியே போன் செய்தால், "ஆயிரத்திருநூறு இருக்காருங்களா?" என்றுதான் கேட்பார்.

இன்னொரு குணமும் உண்டு. கண்ணால் பார்க்காததைச் சொல்ல மாட்டார். ஒருமுறை மேலிடத்திலிருந்து வந்த விருந்தினரிடம் எங்கள் இயக்குநர், "நம்ம சூளை ஆயிரத்து முன்னூறு வரைக்கும் போகும் சார்" என்று பெருமையாக அளந்தார். பின்னாலிருந்து, "ஆயிரத்து இருநூத்தி நாப்பது சார். அதுவே ஒரே ஒரு தடவதான்" என்று குரல் வந்தது. இயக்குநர் அன்று மதியம் சாப்பிடவில்லை.

நான் அங்கே திட்ட உதவியாளர். பெயர்தான் பெரிது. நிதி கேட்டு விண்ணப்பம் எழுதுவதும், அதற்கு இணைப்பு சேர்ப்பதும், சேர்த்ததைத் தைப்பதும்தான் வேலை. இரண்டாயிரத்து ஒன்பதில் பன்றிக்காய்ச்சல் வந்தபோது எங்கள் திட்டத்துக்குக் காலம் முடிய ஒரு மாதம்கூட இல்லை. புது நிதி வராவிட்டால் நான், ஆயிரத்திருநூறு, இன்னும் இரண்டு பேர் என்று நான்கு பேர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நான் நல்லூரிலிருந்து தினம் பஸ்ஸில் வந்து போய்க்கொண்டிருந்தேன். வீட்டில் என் ஒருத்தி சம்பளம்.

அப்போதுதான் சென்னையிலிருந்து அந்தச் சுற்றறிக்கை வந்தது. தொற்றுநோயை எதிர்க்கும் ஆராய்ச்சிகளுக்குத் தனி நிதி, உடனே விண்ணப்பிக்கவும் என்று. அவ்வளவுதான், ஆராய்ச்சி உலகமே முழித்துக்கொண்டது. கரும்புச் சக்கையை ஆராய்ந்தவர்கள், மீன் செதிலை ஆராய்ந்தவர்கள் எல்லாம் பழைய திட்டத்தைத் தூசி தட்டித் தலைப்பில் பன்றிக்காய்ச்சலைச் சேர்த்தார்கள். நாங்கள் மட்டும் என்ன, சும்மா இருந்தோமா? குடிநீர் வடிகட்ட வைத்திருந்த நுண்துளைப் பீங்கான் தட்டைக் காற்று வடிகட்டும் தட்டாக மாற்றினோம். களிமண் கலவை கொஞ்சம் மாறியது. என் விண்ணப்பம் ரொம்பவே மாறியது.

நிபந்தனைகள் இரண்டு. திங்கட்கிழமைக்குள் சுட்ட மாதிரித் தட்டுகள் ஆறு சென்னைக்குப் போய்ச் சேர வேண்டும். கூடவே, தொற்றுக் காலத்தில் மையம் பத்திரமாக இயங்குகிறது என்பதற்கு ஆதாரமாக, ஊழியர்களுக்குத் தினமும் காய்ச்சல் பார்த்த பதிவேட்டின் நகல், மூன்று வாரத்துக்கு, அளந்தவர் கையெழுத்தோடு.

பதிவேடு பற்றி எனக்குக் கவலையே இல்லை. காய்ச்சல் பீதி கிளம்பியதுமே இயக்குநர் அதைத் தொடங்கிவிட்டிருந்தார். அவர் பயந்த சுபாவம். மூக்கில் மூன்று கைக்குட்டை கட்டிக்கொண்டு, மூன்றுக்கும் வெளியே வராத குரலில் பேசுவார். நெற்றிக்கு நேரே நீட்டிக் காய்ச்சல் பார்க்கும் கருவி ஊரில் எந்த மெடிக்கலிலும் கிடைக்கவில்லை. சூளையின் வெப்பத்தைத் தூரத்திலிருந்தே அளக்கும் துப்பாக்கி மாதிரிக் கருவி ஒன்று எங்களிடம் இருந்தது. அதை ஆயிரத்திருநூறு கையில் கொடுத்து வாசலில் நிறுத்திவிட்டார்.

"சார், இது அறுநூறுலேருந்துதான் பேசும்" என்றார் ஆயிரத்திருநூறு.

"பேசலன்னா நல்லதுதானப்பா! சந்தோசமா உள்ள வுடு."

மூன்று வாரமாகத் தினமும் காலையில் எங்கள் நெற்றிக்கு நேரே அந்தத் துப்பாக்கியை நீட்டுவார். கருவி வாய் திறக்காது. "போங்க மேடம்" என்பார். சேத்தியாத்தோப்பிலிருந்து மண் கொண்டு வந்த லாரி டிரைவர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார். சிரித்துக்கொண்டே உள்ளே போனேனே தவிர, அவர் நோட்டில் என்ன எழுதுகிறார் என்று ஒரு நாளும் எட்டிப் பார்க்கவில்லை.

புதன்கிழமை பார்த்தேன். அன்று சூளை எரிந்துகொண்டிருந்தது. சாயந்திரத்துக்குள் வெப்பம் ஏறி முடிந்தால்தான் வெள்ளிக்கிழமைக்குள் சூளை ஆறும், தட்டுகளை இறக்கிக் கூரியரில் போடலாம். இன்னொரு முறை சுட நாள் கிடையாது. நகல் எடுக்கலாம் என்று பதிவேட்டைத் திறந்தேன். முத்து முத்தான கையெழுத்து. என் பெயர், 600க்குக் கீழ். இயக்குநர் பெயர், 600க்குக் கீழ். லாரி டிரைவர், 600க்குக் கீழ். மூன்று வாரம், பக்கம் பக்கமாக.

இயக்குநரிடம் ஓடினேன். அவர் இரண்டு கைக்குட்டையை அவிழ்த்துவிட்டுப் பேசினார். "வேற நோட்டு வாங்கும்மா. எல்லாருக்கும் தொண்ணூத்தெட்டு புள்ளி நாலு போட்டுடு. அவன்கிட்ட கையெழுத்து வாங்கிடு."

சூளையடிக்குப் போனேன். நாற்காலியில் சுருண்டு உட்கார்ந்திருந்தார். நான் பாதி சொல்லும்போதே தலையாட்டினார்.

"நான் பாத்தது இதான் மேடம். தொண்ணூத்தெட்ட நான் பாக்கவே இல்லியே."

"ஒரு கையெழுத்துதான் அண்ணே."

"பாக்காததுக்கு எப்புடி மேடம் போடறது?"

"நாலு பேரு வேல போவுது. உங்க வேலயும்தான். உங்க வூட்டுல அடுப்பு எரிய வேணாமா?"

அவர் சூளைப் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "இந்த வீம்பையும் உள்ள போட்டுச் சுடுங்க. அது ஒண்ணுதான் பாக்கி" என்று கத்திவிட்டு வந்தேன். மேசையில் உட்கார்ந்து அழுதேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அரை மணி நேரம் கழித்து அவர் சைக்கிளில் வெளியே போவது தெரிந்தது. எரிகிற சூளையை விட்டுவிட்டு அவர் நகர்ந்து நான் பார்த்ததே இல்லை. பஸ் ஸ்டாண்டு பக்கத்து மெடிக்கலிலிருந்து சாதாரணப் பாதரசத் தெர்மாமீட்டர் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார். ஆளாளுக்குக் கக்கத்தில் வைத்துப் பார்த்துத் துடைத்து அதே பதிவேட்டில் எழுதினார். எனக்கு 98.2. இயக்குநருக்கு 98.6. அவர் அதற்கே பயந்தார். கடைசியில் தன் கக்கத்திலும் வைத்தார். எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நோட்டில் தன் பெயரை எழுதி, 102.4 என்று எழுதி, பக்கத்தில் 'உள்ளே விடக்கூடாது' என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு கேட்டுக்கு வெளியே போய் நின்றுகொண்டார்.

"அண்ணே! சூளைய யாரு பாக்கறது?"

"நீங்கதான் மேடம். எனக்கு உள்ள வர அனுமதி இல்ல."

இயக்குநர் நடுங்கிப்போய்ச் சுகாதாரத் துறைக்குப் போன் செய்துவிட்டார். ஒரு மணி நேரத்தில் சுகாதார ஆய்வாளர் ஆம்புலன்ஸோடு வந்து இறங்கினார். எல்லாருக்கும் மாத்திரை, இன்று மாலையிலிருந்து இரண்டு நாள் ஆபீஸ் மூடல், காய்ச்சல்காரர் உடனே வண்டியில் ஏற வேண்டும் என்று மளமளவென்று சொன்னார்.

"கோன் சாயட்டும் சார், ஏறிக்கறேன்" என்றார் ஆயிரத்திருநூறு.

சூளைக்குள் சுண்டுவிரல் நீளத்தில் களிமண் கூம்பு ஒன்றை நட்டு வைத்திருப்பார்கள். அதுதான் கோன். உள்ளே சரியான வெப்பம் வந்ததும் அது தலையைச் சாய்க்கும். உடனே பர்னரை அடைக்க வேண்டும். முன்னால் அடைத்தால் தட்டு வேகாது, பின்னால் அடைத்தால் துளையெல்லாம் மூடிக்கொள்ளும். அதைப் பார்க்கக் கதவில் ஒரு சின்ன ஓட்டை. நான் அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை. கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போய்க் குனிந்தேன். முகமெல்லாம் காந்தியது.

"என்னா தெரியுது மேடம்?" கேட்டிலிருந்து குரல்.

"ஒண்ணும் தெரியல. எல்லாம் ஒரே செவப்பா இருக்குது!"

"அவசரப்படாதீங்க. கண்ண அசைக்காம பாருங்க. வெரலு மாரி ஒண்ணு நிக்கும்."

நின்றது. நேராக, அசையாமல் நின்றது. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் நான் பார்த்துக் கத்துவதும் அவர் கேட்டுக் கத்துவதுமாகப் போயிற்று. நடுவில் அவருக்கு இருமல் வந்து பேச்சு நின்றது. வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். ஆய்வாளர் பொறுமை இழந்தார்.

"யோவ், ஒனக்கு எவ்ளோ காய்ச்சல்னாவது தெரியுதா?"

"ஆயிரத்து நூத்தி எம்பது இருக்கும் சார். இன்னும் கொஞ்சந்தான்."

ஆய்வாளர் என்னைப் பார்த்தார். ஆம்புலன்ஸ் டிரைவர் வண்டியை அணைத்துவிட்டு, வேடிக்கை பார்க்க இறங்கிவிட்டார். எனக்கு அந்த நேரத்தில் சூளை அணைந்தால் போதும், வேலை போனால் போகட்டும், இந்த மனுஷன் வண்டியில் ஏறினால் போதும் என்று ஆகிவிட்டது. "சாஞ்சிடுச்சு அண்ணே" என்று பொய் சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. அவர் நோட்டை அப்போதுதான் பார்த்துவிட்டு வந்திருந்தேன்.

மறுபடி குனிந்தேன். கூம்பின் நுனி மெதுவாக, தூங்கி வழிகிறவர் தலை மாதிரி, முன்னால் விழுந்தது.

"சாஞ்சிடுச்சு!"

"நெசமா பாத்தீங்களா மேடம்?"

"என் கண்ணால பாத்தேன் அண்ணே!"

"அடச்சிடுங்க. ரெண்டு நாளைக்குக் கதவத் தொடாதீங்க." அவ்வளவுதான் சொன்னார். ஆய்வாளர் கைத்தாங்கலாகப் பிடித்து ஏற்றினார்.

பதிவேட்டை அப்படியே நகல் எடுத்து, கடைசிப் பக்கத்தோடு சேர்த்துத் தைத்தேன். "சிரிப்பாங்கம்மா" என்றார் இயக்குநர். சிரிக்கட்டும் சார் என்றேன். வெள்ளிக்கிழமை சாயந்திரம் தட்டுகளை இறக்கி அனுப்பினேன்.

அவருக்குப் பன்றிக்காய்ச்சல்தான் என்று முடிவு வந்தது. மாவட்ட ஆஸ்பத்திரியில் தனி வார்டு. தினமும் போன் செய்தேன். நர்சம்மாதான் எடுப்பார். "மூச்சு வாங்குது, பேச வைக்காதீங்க" என்பார். கடைசியாக அவரிடம் நான் முகம் பார்த்துப் பேசியது 'வீம்பையும் உள்ள போட்டுச் சுடுங்க' என்ற அந்தப் பேச்சு என்பது ராத்திரி பகலாக என்னை அரித்தது. நல்லூர் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வேன்.

பத்தாம் நாள் சென்னையிலிருந்து ஓர் அதிகாரி கூப்பிட்டார். "மூணு வாரமா எல்லாரும் அறுநூறு டிகிரிக்குக் கீழ இருந்திருக்கீங்க, சந்தோஷம்" என்று ஆரம்பித்தார். நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். அவர் சிரித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "வந்த பதிவேடு அத்தனையிலயும் எல்லாருக்கும் எல்லா நாளும் தொண்ணூத்தெட்டு புள்ளி நாலும்மா. நெசமா அளந்தது உங்க கடைசிப் பக்கம் ஒண்ணுதான். அதனால உங்க தட்டைப் பத்தியும் நீங்க எழுதினத நம்பினோம். ஒரு வருஷத்துக்கு நிதி ஒதுக்கியாச்சு."

அடுத்த நிமிஷம் ஆஸ்பத்திரி வார்டுக்குப் போன் போட்டேன். நர்சம்மா எடுக்கவில்லை. ஒரு இருமல் கேட்டது. அப்புறம் ஓட்டை விழுந்த குரல் ஒன்று, "மேடம், தட்டு எதனா வெடிச்சிருந்துச்சா?" என்றது.

"ஒண்ணுகூட வெடிக்கல அண்ணே."

"எல்லாத்தயும் தட்டிப் பாத்தீங்களா?"

"பாத்தேன் அண்ணே. எல்லாம் மணி மாரி கேட்டுது."

அந்தப் பக்கம் மூச்சு வாங்கியது. "சரிங்க மேடம், வச்சிடறேன்" என்றார். நிதி வந்த விஷயத்தைச் சொல்லத்தான் அழைத்தேன், அதைச் சொல்லவே இல்லை என்பது மறுநாள் காலையில்தான் எனக்கு ஞாபகம் வந்தது.