ஏழு வெள்ளி வட்டங்கள்

ஏழாவது வட்டத்தையும் போட்டு முடித்த பிறகுதான், தான் என்ன காரியம் செய்துவிட்டோம் என்பது அம்பிகாவுக்கு உறைத்தது.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. ஆம்பூர்த் தோல் ஃபேக்டரியில் பதினெட்டு வருஷமாகச் செக்கிங் டேபிளில் நிற்கிறவள். தோல் வந்து விழும், கண் அதன்மேல் ஓடும். உண்ணி கடித்த தழும்போ முள் கீறலோ சூடு போட்ட வடுவோ தென்பட்டால், பேனாவின் பின்பக்கத்தால் டேபிளில் டொக் டொக் என்று இரண்டு தட்டு. அப்புறம் சில்வர் பேனாவால் அந்தப் புண்ணைச் சுற்றி ஒரு வட்டம். கட்டிங்காரர்கள் வட்டத்தை ஒதுக்கிவிட்டு ஷூவுக்கு வெட்டிக்கொள்வார்கள். டொக் டொக் கேட்கவில்லை என்றால் அம்பிகா லீவு என்று அடுத்த ஷெட்டுக்கே தெரியும்.

ஆனால் இன்றைக்கு டேபிளில் கிடந்தது ஷூவுக்குப் போகிற தோல் இல்லை. அவள் புருஷன் ஜோசுவா மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வரைந்த படம்.

முதலாளி வாஹித் பாஷா ஒரு போட்டி வைத்திருந்தார். வரவேற்பறையில் மாட்ட ஒரு படம் வேண்டும். ஃபேக்டரி ஆட்களே வரையலாம், தோலில்தான் வரைய வேண்டும். ஏதாவது ஓர் இசையைக் கேட்டுவிட்டு, ஆள், மரம், மாடு எதுவும் இல்லாமல் வெறும் நிறத்திலேயே அதைக் காட்ட வேண்டும். ஜெயித்தவருக்கு டிசைன் ரூமில் வேலை. ஜோசுவா ஸ்பிரே செக்‌ஷனில் பதினோரு வருஷமாகத் தோலுக்குச் சாயம் அடிக்கிறவன். மாஸ்க் போட்டும் இருமல் அவனை விட்டபாடில்லை. அவன் பென்சிலும் கலர் கார்டுமாக ஏசியில் உட்கார்ந்திருக்கிற காட்சிக்காக அம்பிகா மாதா கோயிலுக்கு மெழுகுவத்தி நேர்ந்திருந்தாள்.

எந்தப் பாட்டைக் கேட்டு வரைந்தாய் என்று எத்தனையோ முறை கேட்டாள். சிரித்தானே தவிர சொல்லவில்லை. காலையில் படத்தைச் சுருட்டிக் கையில் கொடுத்தபோதும் ஒன்றுதான் சொன்னான்.

"எனக்குப் பன்னண்டு மணி வரைக்கும் மிஷின விட்டு நகர முடியாது. மாட்றதுக்கு முன்னாடி உன் டேபிள்ல ஒருவாட்டி விரிச்சுப் பாத்துடு. சுருக்கம் கிருக்கம் இருக்கப் போவுது."

விரித்தாள். கருநீலத்துக்குள் மருதாணிச் சிவப்பு பாய்ந்து, பிரிந்து, மறுபடி கூடுகிற படம். அவளுக்கே உடம்பு சிலிர்த்தது. ஆனால் நடுநடுவே தோலின் பழைய புண்கள் சாயம் படாமல் அப்படியே முழித்துக்கொண்டிருந்தன. இவ்வளவு அடித்த மனுஷன் இதை மூட மறந்துவிட்டானே என்று நினைத்தாள். அவள் நினைத்தது அவ்வளவுதான். மீதியைக் கை பார்த்துக்கொண்டது.

எச்சிலைத் தொட்டு ஒரு வட்டத்தைத் துடைத்தாள். வெள்ளி அழியாமல் சாம்பல் பூசினாற்போலப் பரவியது.

பக்கத்து டேபிள் ரஃபத் ஜஹான் உதவிக்கு ஓடி வந்தாள். தின்னரில் ஒரு சொட்டு போதும், அடையாளமே தெரியாது என்று அடித்துச் சொன்னாள். உண்மைதான். சாம்பலோடு சேர்ந்து சிவப்பும் போய், நீலமும் போய், வெறும் தோல் பல்லைக் காட்டியது. அதை மறைக்க ரஃபத்தே ஷூ க்ரீமை அப்பித் துணியால் தேய் தேய் என்று தேய்த்தாள். அந்த இடம் கண்ணாடியாகப் பளபளத்தது. ரஃபத் அதில் முகம் பார்த்துத் தன் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டாள்.

"இன்னா ரஃபத், ஜாஸ்தி பேஜாரா ஆயிடுச்சே. மீதி ஆறு வட்டத்த இன்னா பண்றது?"

"ஒண்ணும் பண்ணாத அம்பிகா. இன்னும் உதவி பண்ணா படமே மிஞ்சாது."

அதற்குள் ஆள் வந்து படத்தைக் கேன்டீன் ஹாலுக்கு எடுத்துப்போய் மாட்டிவிட்டான். அம்பிகா பின்னாலேயே ஓடினாள். வேறு வழி தெரியாமல் படத்துக்கு முன்னால் கையை விரித்து நின்றுகொண்டாள். போட்டிக்கு நடுவராகச் சென்னையிலிருந்து வந்திருந்த ஓவியர் நந்தினியுடன் வாஹித் பாஷா வந்து, கொஞ்சம் தள்ளி நில்லும்மா என்றார். தள்ளினாள். பிராணன் போகிற மாதிரி இருந்தது.

முதலில் வாயைத் திறந்தவர் புரொடக்‌ஷன் மேனேஜர் பரணிதரன், ஜோலார்பேட்டை ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர். இது கூட்ஸ் வண்டி தண்டவாளத்தில் போகிற தாளம், வட்டமெல்லாம் சிக்னல் விளக்கு என்று சத்தியம் செய்தார். கேன்டீன் முத்துமாரி கரண்டியோடு வந்து பார்த்துவிட்டு, கெங்கையம்மன் திருவிழாப் பம்பை இது, அந்தப் பளபளப்புதான் ஆத்தா முகம் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வாஹித் பாஷாவுக்கோ தம் நிக்காஹ் ஊர்வலத்து பேண்டு வாத்தியமே காதில் கேட்டுவிட்டது. ஆளாளுக்கு எட்டிப் பார்க்க, ஹாலே அமர்க்களப்பட்டது. சாப்பிட வந்தவர்கள் தட்டை ஏந்தியபடியே நின்று, எனக்கு இது கேட்குது, உனக்கு என்ன கேட்குது என்று விசாரித்துக்கொண்டார்கள். மற்ற பதினோரு படங்களையும் ஏறெடுத்துப் பார்க்க நாதியில்லை.

நந்தினி மட்டும் படத்தண்டை குனிந்து ஒவ்வொரு வட்டமாகப் பார்த்துக்கொண்டே போனார்.

"இந்த ஆறு வட்டமும் போட்ட கையில ஒரு தயக்கம் இல்ல," என்றார் கடைசியில். "நிறம் பாட்டு, வட்டம் தாளம். வட்டம் இல்லாத அந்த ஒரு இடம், பாட்டு மூச்சு வாங்குற இடம். எனக்கு இதுதான் சார்."

அம்பிகாவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. ஆனால் நந்தினி அதோடு விடவில்லை. டிசைன் ரூமுக்கு ஆள் எடுப்பதால் ஒன்று தெரிய வேண்டும் என்றார். வரைந்தவர் இதையெல்லாம் யோசித்துச் செய்திருந்தால் வேலை அவருக்கு. தெரியாமல் நேர்ந்தது என்றால் அடுத்த படத்தைப் பார்க்கலாம். வாஹித் பாஷா உடனே ஜோசுவாவைக் கூப்பிட்டு அனுப்பினார்.

அம்பிகா வாசலைப் பார்த்தாள். வருகிறவன் வட்டத்தைப் பார்த்துவிட்டு, இது யார் வேலை என்று எல்லார் முன்னாலும் கேட்கப்போகிறான். பாவி மனுஷன் திருதிருவென்று முழித்து அவமானப்படுவதைவிட நாமே சொல்லித் தொலைத்துவிடலாம் என்று துணிந்துவிட்டாள்.

"சார், அந்த வட்டம் அவரு போட்டது இல்ல. நான்தான் செக்கிங் ஞாபகத்துல போட்டுட்டேன். ஒண்ண அழிக்கப் போயிதான் அங்க பளபளன்னு ஆயிடுச்சு. அவரு மேல தப்பு இல்ல சார்."

நந்தினி கையிலிருந்த மதிப்பெண் தாளை மெதுவாக மடித்தார். வாஹித் பாஷா தாடியைத் தடவினார். அம்பிகாவின் கண் நிறைந்துவிட்டது. பதினோரு வருஷ இருமலை ஒரு பேனாவால் பன்னிரண்டாவது வருஷத்துக்குத் தள்ளிவிட்டோமே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

அந்த நேரம் பார்த்து, சாயம் படிந்த கையோடு ஜோசுவா உள்ளே வந்தான். கூடவே அவனோடு ஸ்பிரே அடிக்கிற இன்பராஜும். இது எந்த இசை என்று நந்தினி ஜோசுவாவைக் கேட்டார். அவன் அம்பிகாவைப் பார்த்தான், வெட்கத்தோடு தலையைச் சொறிந்தான். இன்பராஜ் யாரையும் சட்டை பண்ணாமல் நேரே படத்தண்டை போய், விரலை நீட்டி ஒன்று, இரண்டு என்று வட்டங்களை எண்ணத் தொடங்கினான். எண்ணி முடித்ததும் அவன் முகம் மலர்ந்துபோனது.

"ஆறுதான் இருக்கு அண்ணே. அண்ணி பேனா தட்ற டொக் டொக்தான் பாட்டு, ஏழு புண்ண மூடாம விட்டா அண்ணி கை சும்மா இருக்காது, ஏழையும் வளைச்சாத்தான் படம் முடியும்னு பந்தயம் கட்டினியே, எடு பிரியாணிய."