மொட்டையின் வலது பக்கம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. என் முழங்காலைத் தவிர இங்கே எல்லாரும் நலம். வெளியூர் மாற்றலுக்கு மூட்டை கட்டும் அவசரத்தில் நீயும் மாப்பிள்ளையும் பட்டினி கிடக்காதீர்கள்.

"மொட்டையைக் குளிப்பாட்டிப் பார்த்துக்க உங்களால முடியாதுப்பா, ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போய் நாய்க் காப்பகத்துல விட்டுடறேன்" என்று போனில் சொன்னாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். முப்பத்திரண்டு வருஷம் கார்களுக்குப் பாலிஷ் போட்ட கை இது. ஒட்ட முடிப் பழுப்பு நாய் ஒன்று எனக்கு எம்மாத்திரம்?

பட்டறையில் பானெட்டில் பாதியை மட்டும் பாலிஷ் போட்டு முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டுவேன் அல்லவா, அதே மாதிரி மொட்டையின் இடது பக்கத்தை மட்டும் ஷாம்பு போட்டுக் கழுவி, துடைத்து, ரப்பர் பிரஷ்ஷால் தேய்த்து, மெத்தென்ற துணியால் பளபளவென்று ஆக்கிவிட்டு உன் அம்மாவைக் கூப்பிட்டேன், அவள் வந்து பார்த்து "அந்தப் பக்கம் வேற நாயா?" என்று கேட்டாள் பார், எனக்குப் பெருமை பிடிபடவில்லை, அதற்குள் அவன் உடம்பை ஒரு உதறு உதறியதில் என் கண்ணாடி முழுக்கத் தண்ணீர், அதைக் கழற்றி வைப்பதற்குள் பயல் கூடத்துக்கு ஓடி அம்மாவின் பழுப்புக் கம்பளிக்குள் புகுந்துவிட்டான். விடுவேனா? குளியல் அப்புறம், முதலில் உதிர்முடியை எடுப்போம் என்று அங்கேயே உட்கார்ந்து வட்டம் வட்டமாகத் தேய்த்தேன். அரை மணி நேரம்! அசையவில்லை, முனகவில்லை. கைராசி என்றால் இதுதான். ஒரு பை நிறைய முடி வந்தது. நீ நம்பமாட்டாய் என்று அதில் ஒரு பிடி இந்த உறையில் வைத்திருக்கிறேன்.

அவனைக் காப்பகத்தில் விடாதேம்மா. நீயும் இல்லாமல் அவனும் இல்லாமல் இந்த வீட்டில் எனக்கு இருப்புக் கொள்ளாது.

இருவரும் எல்லா நலமும் பெற்று வாழ எங்கள் ஆசிகள்.

அன்புடன்,
அப்பா

பின்குறிப்பு: கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "அந்த அரை மணி நேரமும் அவன் சமையல்கட்டுல என் காலடியிலதானே படுத்திருந்தான்!" என்கிறாள். உறையில் இருப்பது கம்பளி. மொட்டையின் வலது பக்கம் இன்னும் பாக்கி. நடுவில் வழுக்கை விழுந்த கம்பளியை அம்மா தூக்கிப் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். பிறகு அதை நாலாக மடித்துக் கதவோரம் போட்டாள். பயல் வந்து அழுக்குப் பக்கம் மேலே தெரியச் சுருண்டுகொண்டான். "படுக்கையும் போட்டாச்சு, இனிமே அவனை எங்க அனுப்பறது? உங்க பொண்ணுகிட்ட சொல்லிடுங்க" என்றாள். சொல்லிவிட்டேன்.